கட்டுரையில் முதல் பெயர்

நான் ஒரு வரிகூட எழுதாத ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டுக்கொண்டேன். எழுதியவர் திண்டுக்கல்லில் வேலை பார்த்த ஓர் இளம் டாக்டரம்மா. தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைப்புண்ணை ஆராய எங்கள் தோல் மருத்துவர் சங்கம் அவருக்கு உதவித்தொகை கொடுத்து, என்னை வழிகாட்டியாகப் போட்டிருந்தது. வழிகாட்டியின் பெயர் முன்னால் வருவது அன்றைய வழக்கம். நானோ தோல் ஷாப் என்று அந்த ஊரில் சொல்லும் பதனிடும் ஆலைப் பக்கமே போனதில்லை.

அவர் ஒல்லி, மூக்குக்கண்ணாடி மட்டும் பெரிது. மனத்தில் பட்டதைச் சொல்லுமுன் அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார்.

ஆண்டுக் கூட்டத்தில் நான் வாசித்து முடித்ததும் ஒரு பெரிய டாக்டர், "சுண்ணாம்புத் தொட்டியில இறங்குறவங்களுக்கு எந்த விரல்ல முதல்ல புண்ணு வரும்?" என்று கேட்டார்.

"எல்லா விரல்லயும்தான்" என்றேன். அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார்; துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கட்டுரை அச்சாகுமுன் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதினேன். அவர் பெயர் மட்டும் வந்தது. மறுவாரமே வந்து நின்றார்.

"ஏன் சார் பேரை எடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா."

"அப்ப இனிமே செய்யுங்க. அடுத்த ஆராய்ச்சிக்கும் நீங்கதான் வேணும்னு சங்கத்துல கேட்டு வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில தோல் ஷாப்புக்கு வந்துருங்க. சாப்பிடாம வாங்க சார், அம்புட்டு நாத்தம்."

ஒரு வருஷம் போனேன். அவர் என்னை மன்னித்தாரா, தண்டித்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.