இரண்டு சின்ன டிஸ்க்குகள்

நாங்கள் மராட்டிய மாநிலத்தில், விஷ்ராந்த்வாடி என்ற பகுதியில் இரண்டாவது மாடி வீடொன்றில் குடியிருந்தபோது, 2004 மழைக்காலத்தில், எங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நான் அப்போது சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால், போசரி நெரிசலில் பாதி ஆயுள் கழிந்து, வீடு திரும்ப மாலை ஏழாகிவிடும். மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் குறிப்புகள் இங்குள்ள ஒரு கம்பெனி மூலம், இன்டர்நெட் வழியாக அவளுக்கு வரும். அவற்றை ஹெட்போனில் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தியும் ஓட்டியும், ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்ப வேண்டும்.

கேட்பதை அப்படியே தட்டுவதில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை நான் உள்ளே நுழைந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, காலைல இருந்தே இந்தச் சத்தந்தான். மத்தியானம் கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அதுக்கப்பறம் ஆன் ஆகவே மாட்டீங்குது."

ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். கறுப்புத் திரையில் டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. உள்ளே எதுவோ ஒரே இடத்தில் முட்டி முட்டித் திரும்புவது விரல் நுனியில் தெரிந்தது.

"காப்பி எடுத்து வெச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"ரெண்டு வருசமா வேல பாக்கற. ஒரு சிடில போட்டு வெக்கோணும்னு தோணலயா உனக்கு?"

தொழிற்சாலையில் கழிவுத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபரேட்டரிடம் கேட்கும் குரல் அது. வீட்டுக்குள் அது வந்துவிட்டதை நானே உணர்ந்தேன். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெம்பில்லை. அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சாப்பிடும்போது கேட்டேன். "அனுப்பிச்சதெல்லாம் கம்பெனில இருக்கும்ல?"

"அதெல்லாம் இருக்குதுங்க. இன்னைக்கு ஃபைலக்கூட மறுபடி அனுப்பிருவாங்க. என்ர லிஸ்டுதான் போச்சு."

"என்ன லிஸ்ட்டு?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவளுக்கு வழக்கமாக வரும் டாக்டர்கள் பதினேழு பேர். ஒருவர் வார்த்தையின் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுவார். ஒருவர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். ஒருவர் வேறு நாட்டிலிருந்து போனவர், அவர் உச்சரிப்பில் இரண்டு மருந்துகளின் பெயர் ஒன்றுபோலவே கேட்கும். எந்த டாக்டர் எதைச் சொன்னால் அது எதுவாக இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். தவறாகக் கேட்டது இடப்பக்கம், சரியானது வலப்பக்கம். எந்த நோய்க்கு எந்த மருந்து எவ்வளவு கொடுப்பார்கள் என்று புத்தகம் பார்த்துக் குறித்ததும் அதிலேயே இருந்தது. இரண்டு வருடங்களாக, தினமும் வேலை முடிந்தபின் உட்கார்ந்து சேர்த்தது.

"எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"கேட்டாத்தானுங்க சொல்றதுக்கு."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் கம்பெனி மேலாளர் அவளுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் நல்லதாக, அதேசமயம் எங்களால் வாங்கக்கூடியதாக, ஒரு ஹார்ட் டிஸ்க் பார்த்துவிட வேண்டும். தரம் பார்ப்பதுதானே என் தொழில், இந்தத் தடவை தவறவிடக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஸ்டோர்ஸ்காரர் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், என் அண்ணன் வீட்டில் எட்டே மாதத்தில் போய்விட்டது என்றார். எங்கள் பிரிவில் கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் அதே கம்பெனிதான் உலகத்திலேயே சிறந்தது, மற்றதெல்லாம் குப்பை என்றார். மேல்மாடியில் இருந்த தமிழர் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறந்ததே இந்த ஊரில்தான். அவர் படிக்கட்டில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"தம்பி, நீ ரெண்டுமே வாங்காத. ரெண்டுமே பக்வாஸ். நம்ம பொண்ணு வூட்ல மாப்ள மூணாவதா ஒரு கம்பெனி போட்டான், ஏக்தம் மஸ்த்தா ஓடுது. நாலு வருசம் ஆச்சு."

மறுநாள் ஸ்டோர்ஸ்காரரிடம் அந்த மூன்றாவது கம்பெனியைச் சொன்னேன். ஐயோ, அது வெயில் தாங்காது என்றார்.

புதன்கிழமைக்குள் கடையில் கிடைக்கும் எல்லாக் கம்பெனியையும் யாராவது ஒருவர் தள்ளுபடி செய்திருந்தார். ஒவ்வொருவருக்கும் சாட்சி, அவரவர் வீட்டில் இருந்த ஒரே ஒரு டிஸ்க். ஒரு துண்டு உடைந்ததை வைத்து அதனோடு வந்த லாட் முழுவதையுமே ஒதுக்கினால் என் தொழிற்சாலையில் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தீர்ப்பையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்ப்பேன். கண் சொருகிவிடும்.

வியாழக்கிழமை எங்கள் தொழிற்சாலைக்கு வார விடுமுறை. பராமரிப்பு என்று சொல்லி எங்கள் பகுதியில் மின்சாரத்தை நிறுத்துவதும் அன்றுதான். இருவரும் கிளம்பி ஊருக்குள் தப்கீர் கல்லி என்னும் கடைச் சந்துக்குப் போனோம். நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டும்போது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். தூறலில், மின்சாமான் கடைகளுக்கு நடுவே, மூன்று கம்ப்யூட்டர் கடைகள் ஏறி இறங்கினோம். விலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சொல்லும் கம்பெனிதான் வேறு.

நான்காவது கடையில் இருந்தவர் நடுவயதுக்காரர், மராட்டியர். பழைய டிஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமானால் மும்பைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார். என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகையைச் சொன்னார். எடுத்தே தீருவார்கள் என்று உத்தரவாதமும் இல்லையாம்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் நோட்டைப் பிரித்து எந்தக் கம்பெனி நல்லது என்று அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்வதற்குள் அவள் குறுக்கிட்டு, தன் திக்கும் ஹிந்தியில், உங்களிடம் வாங்கியதில் கெட்டுப்போய்த் திரும்பி வந்தது எதெல்லாம் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "வஹினி, இப்படி யாரும் கேட்டதில்லை" என்றார். மராத்தியில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே முப்பது நாற்பது டிஸ்க்குகள் செங்கல் அடுக்கியதுபோல் கிடந்தன. மாற்றித் தருவதற்காகக் கம்பெனிகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவை. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நான் எழுதி வைத்திருந்த எல்லாக் கம்பெனியும் அதில் இருந்தது. மேல்மாடிக்காரர் சொன்ன மூன்றாவது கம்பெனிகூட இருந்தது.

நான் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

அங்கே ஒரு பெரிய டிஸ்க் இருந்தது, மூன்று வருட வாரண்டியோடு. ஒரு வருட வாரண்டி உள்ள சின்ன டிஸ்க்குகளும் இருந்தன. பெரியதை வாங்கிவிடலாம் என்பது என் முடிவு.

"ரெண்டு சின்னது வாங்கலாமுங்க" என்றாள்.

"எதுக்கு ரெண்டு? பெருசுல மூணு வருசம் வாரண்டி இருக்கு. போனா புதுசு குடுத்துருவான்."

"டிஸ்க்குதானுங்க புதுசு குடுப்பான். என்ர வார்த்தையக் குடுப்பானா?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லாவில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

இரண்டு சின்ன டிஸ்க்குகள் வாங்கினோம், வேறு வேறு கம்பெனியாக. ஒன்று கம்ப்யூட்டருக்குள் மாட்டுவதற்கு. மற்றதை வெளியில் வைத்துக் கேபிளால் இணைத்துக்கொள்ள ஒரு தகர டப்பாவும் தந்தார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, டிஸ்க் போன அன்று மாலை அவளிடம் பேசிய பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "அன்னைக்கு நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது" என்றேன். சுற்றிலும் இரைச்சல். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "டிஸ்க்குப் பையை நசுங்காம புடிங்க" என்றாள்.

பட்டியலை மறுபடி உண்டாக்குவது சாதாரண வேலையாக இல்லை. பழைய டாக்டர்களின் பதிவுகள் வரும்போது நினைவுக்கு வந்ததை அவள் அவ்வப்போது சேர்த்தாள். அது போதவில்லை. வேகம் குறைந்தது, தவறுகள் என்று கம்பெனி குறித்து அனுப்புவது கூடியது. அதனால் வியாழக்கிழமைகளில், மின்சாரம் இல்லாத பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் நீள நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வலது கால் கட்டைவிரல் வெறும் தரையை மிதித்து மிதித்து எடுக்கும். பெடல் இல்லாமல் அவளால் யோசிக்க முடியவில்லை. பிறகு திடீரென்று ஒரு டாக்டரின் குரலிலேயே பேசுவாள், மென்றுகொண்டே, விழுங்கிக்கொண்டே. முதல் தடவை நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது வேறு எப்போது என்று யோசித்தால் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நான் எழுதும் எழுத்துப் பிழைகளை அவள் திருத்துவாள். "ஒய் இல்லீங்க, ஐ." நாலெழுத்து மருந்தைக்கூட எனக்குச் சரியாக எழுத வரவில்லை. ஒரு மருந்து எதற்கு என்று கேட்டால், இதயத் துடிப்பு தாறுமாறானால் கொடுப்பது, கூடவே இன்னொன்றைக் கொடுத்தால் ஆபத்து என்பாள். பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தவள். இதையெல்லாம் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரங்களில் நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன், அல்லது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

சில வார்த்தைகள் வரவேயில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். "அது போச்சுங்க, அடுத்தது எழுதுங்க" என்பாள். அந்த இடத்தில் நான் ஒரு வரியை வெறுமையாக விட்டுவைப்பேன். அவற்றில் பாதிதான் பின்னால் நிரம்பின.

தினமும் வேலை முடிந்ததும் பட்டியலை இரண்டாவது டிஸ்க்கில் ஏற்றி, கேபிளைக் கழற்றி, டப்பாவை ஒரு பழைய பருத்தித் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். காய்ச்சலாகக் கிடந்த நாட்களிலும் எழுந்து வந்து அதை மட்டும் செய்துவிட்டுப் படுத்தாள்.

மூன்றாவது வருடம் உள்ளே இருந்த டிஸ்க் போனது. நான் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உள்ள இருந்தது போச்சுங்க. மத்தியானமே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்து மாட்டிட்டேன். சாப்பிட வாங்க" என்றாள்.

"எந்தக் கம்பெனி?"

"கடைல இருந்தது."

அடுத்த வருடம் அவள் கம்பெனியிலிருந்து மேலாளர் போனில் அழைத்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த டாக்டர்களிடம் திணறுகிறார்களாம். அவள் பட்டியலை அனுப்பி வைத்தால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும் என்றார். அவள், என்னை மற்றவர்களின் வேலையைச் சரிபார்க்கும் இடத்தில் போடுங்கள், கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், பட்டியலைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முடியாது என்று போனை வைத்துவிட்டார். இருக்கிற வேலையும் போகப்போகிறது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அவரே திரும்ப அழைத்து, அவள் கேட்ட வேலைக்கே எரவாடாவில் இருக்கும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

அதன்பிறகு அவளும் காலையில் பஸ் பிடிக்கத் தொடங்கினாள். மாலையில் யார் முதலில் வீட்டுக்கு வருகிறோமோ அவர் அரிசி களைந்து வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பெரும்பாலும் இருவரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தோம். குக்கர் விசில் வரும்வரை, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம்.