அம்மா திருத்திய எல்லை

எங்கள் அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் இந்த நினைவு மலரைப் பிரித்ததும் அவருடைய படத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள். படத்தில் சற்று முறைப்பாக இருப்பார். ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னதால் வந்த முறைப்பு அது.

அம்மா பிறந்தது பரளச்சிக்குப் பக்கத்தில், மழையை மட்டும் நம்பிய ஒரு சிற்றூரில். வாழ்க்கைப்பட்டு வந்தது பந்தல்குடிப் பக்கம். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். பருத்தி எடுத்தும் களை வெட்டியும் எங்கள் இருவரையும் ஆளாக்கியவர் அம்மா. இன்று நான் அருப்புக்கோட்டையில் ஆசிரியை, தம்பி வளைகுடாவில் எலெக்ட்ரீஷியன். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது.

அம்மாவுக்கு இருந்த பெருமை அவருடைய ஞாபகசக்தி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் ஊர்ப் புஞ்சைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எந்தப் புஞ்சையில் எத்தனை பயிர் நிரை, எந்த வரப்பு யாரைச் சேர்ந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கரிசலில் ஊன்றிய கல் சில மழைக்காலம் கழிந்தால் சாய்ந்து புதைந்துபோகும். அதனால் எல்லைத் தகராறு வந்தால் எங்கள் ஊரில் சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன்பே அம்மாவைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மட்டும் வேலைக்கு உடுத்தும் சேலையை மாற்றிக்கொண்டு போவார்.

எங்கள் ஊர் வெள்ளைச்சாமி மாமாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் அடுத்தடுத்த புஞ்சை. அவர்களுடைய தந்தை பங்கு பிரித்து, ஒரு பனையடியில் கல் ஊன்றிய நாளில் அம்மா அங்கே பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்துக் கல்லைக் காணவில்லை. அம்மாவைக் கேட்டார்கள். நின்றிருந்த ஒற்றைப் பனையைக் காட்டி, "இந்தப் பனைதான். என் கண்ணால பாத்தேன்" என்றார். அதனால் மாமாவுக்கு நாலு நிரை அகலம் கை நழுவியது. மாமா அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவரும் அத்தையும் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார்கள். அத்தையும் அம்மாவும் அதுவரை ஜோடியாகப் பருத்தி எடுத்தவர்கள்.

எட்டு வருடம் அப்படியே போனது. மாமாவின் அண்ணன் தம் புஞ்சையில், அந்த நாலு நிரை அகலத்தையும் சேர்த்து, பண்ணைக்குட்டை வெட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா பார்க்க, ஜேசிபி ஒரு பழைய பனந்தூரைக் கிளப்பிப் போட்டது. அதோடு ஒரு கல்லும் வந்தது. டிரைவர் அதை மண்ணோடு ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார். அம்மாவுக்குத்தான் கை ஓடவில்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். பனை ரெண்டு இருந்ததாம். கல் ஊன்றிய பனையில் இடி விழுந்து, அதை வெட்டிவிட்டார்களாம். "அது போனப்பறம் நின்னத மட்டுந்தான் தெனமும் பாத்தேன். எம்மனசு கல்லத் தூக்கி இதுக்கடியில வச்சிருச்சு. பொய் சொல்லலத்தா, பாத்ததாவேதான் இருந்துச்சு."

யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள் என்றேன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. குட்டை வெட்டி முடித்துவிட்டால் அந்த இடம் மாமாவுக்குத் திரும்பவே திரும்பாது. வாயைத் திறந்தால் ஊரில் அம்மாவுக்கு இருந்த ஒரே மதிப்பும் போய்விடும். அவரை நிறுத்தப் பார்த்து, அந்த இடி விழுந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது, சத்தமும் கருகல் வாசமும்கூட நன்றாக நினைவிருக்கிறது, இடி விழுந்தது நீங்கள் சொல்லும் பனையில் இல்லை என்று வாதாடினேன். அந்தக் கவலையிலும் அம்மா சிரித்துவிட்டார். "நீ அப்ப என் வயித்துல இருந்தடி."

அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டதை நானே பார்த்ததாக இருபது வருடத்துக்கு மேல் நம்பியிருக்கிறேன். 

மறுநாள் காலையில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு கிளம்பினார். மாரியம்மன் கோயில் முன்னால் அண்ணன் தம்பி இருவரையும் வரவழைத்தார். அன்றைக்குத் தாம் சொன்னது தப்பு, கல் வேறு பனையடியில் கிடந்தது, நிலத்தை மாற்றி அளந்துகொள்ளுங்கள் என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் இத்தனை வருடம் ஊருக்குச் சொன்னதெல்லாம் தப்பா என்று கேட்டார். அம்மா தலையைக் குனியவில்லை. "இருக்கலாம். எல்லாத்தையும் இன்னொருக்கா பாத்துருங்க" என்றார்.

பார்த்தார்கள். வேறெதிலும் தப்பு இல்லை. குட்டை தள்ளி வெட்டப்பட்டது, மாமாவின் நிலம் மாமாவுக்கு வந்தது. இனி யாரும் தம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று நல்ல சேலையை மடித்து அடியில் வைத்தார் அம்மா. அடுத்த மாதமே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும், எனக்கு ஞாபகம் இப்படி, நீங்கள் தோண்டியும் பாருங்கள் என்று சேர்த்துச் சொல்வார். தெரிந்ததைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. இப்படி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் வயிற்றில் பிறந்தேன் என்பதே எனக்குப் போதும்.

கடைசி நாட்களில் என்னைத் தம் தங்கை என்று நினைத்துப் பேசினார். நானும் தங்கையாகவே பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் உடனிருந்தவர் வெள்ளைச்சாமி மாமா வீட்டு அத்தை. அவருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோ எடுத்துவந்த பக்கத்து வீட்டுப் பாய்க்கும், தூக்கிச் சுமந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்தக் கட்டுரையைத் தம்பிக்கு போனில் படித்துக் காட்டினேன். அம்மா கோயில் முன்னால் பேசவே இல்லை, ஜேசிபியை மறித்து நின்று புஞ்சையில்தான் சொன்னார் என்று சாதிக்கிறான். அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்த்துவிடலாம் என்று வெள்ளைச்சாமி மாமாவிடம் போய்க் கேட்டேன். 

"ஒங்கம்மா எங்கன நின்னு சொன்னாகன்னு எனக்கும் மறந்துபோச்சு தாயி. சொன்னாக. அது மறக்கல."