கூரைத் தகரத்துக்கு மூன்று விலைமனு

அரசாங்கத்துக்கு ஓர் ஆணி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். கொள்வனவுப் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதல்ல. இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். காற்றில் கூரை பறந்துபோன லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பிரதேச சபை தகரம் வாங்க வேண்டும். ஆறு குடும்பங்கள் கூரைக்குப் பதில் படங்கு என்கிற தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. வாங்கும் பொறுப்பு என் தலையில்.

மூன்று கடை, ஒரு கை

முதல் தடவை மூன்று விலைமனு வந்தன. மூன்று கடைப் பெயர், மூன்று முத்திரை, கையெழுத்து மட்டும் ஒன்று. கொண்டுவந்தவர் பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி. இதில் போட்டியே இல்லை, மறுபடி விலை கேட்கப் போகிறோம் என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மூணு கேட்டீங்க, மூணு குடுத்தேன். வேற வேற ஆளு எழுதணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

இரண்டு மணி ஐந்து நிமிடம்

இரண்டாம் தடவை, விலைமனுப் பெட்டியை மூடும் நேரம் பகல் இரண்டு மணி. தலவாக்கலை வியாபாரி ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தி, மூச்சிரைக்கப் படியேறி வந்தார். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். பிந்திய உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன்.

நேரத்துக்கு வந்த இரண்டு விலையும் சபையின் மதிப்பீட்டைத் தாண்டியதால் அந்தத் தடவையும் ரத்து. வெளியே காத்திருந்த வியாபாரி தன் உறையைக் கிழித்து என் முன்னால் நீட்டினார். மதிப்பீட்டுக்குள் அடங்கும் விலை.

"மண்ணு சரிஞ்சதுக்கு நான் என்னங்க பண்ண? அதுகிட்டயும் கடிதம் வாங்கிட்டு வரணுமா?"

மாரியம்மாவுக்கு விளக்கம்

அந்த லயத்தில் இருக்கும் மாரியம்மா கொழுந்து பறிப்பவர். வாராவாரம் அரைநாள் வேலையை விட்டுவிட்டு சபைக்கு வந்து, தகரம் எப்போது வரும் என்று கேட்பார். மூன்றாம் தடவை விலை கேட்டு அறிவித்தபோது மழை தொடங்கிவிட்டது. மகளின் பள்ளிப் புத்தகமெல்லாம் ஊறிப்போய்விட்டது என்றார். நான் சீல் வைத்த உறை, இரண்டு மணி, பிந்தினால் திருப்பி அனுப்புவது என்று எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"அப்ப மழைக்கும் இந்தச் சட்டத்தச் சொல்லிப்புடுங்க ஐயா. ரெண்டு மணிக்கு மேல வந்தா திருப்பி அனுப்பிரலாம்."

மழைக்காலம் முடிந்த பிறகுதான் தகரம் ஏறியது என்றாலும், ஃபைலில் ஒரு குறையும் இல்லை என்று கணக்காய்வுக்கு வந்தவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள்.