பந்தல் போட்ட வீடு

ஆக்லாந்தில் இருந்து வந்த நானும் கணவரும் சனிக்கிழமை காலை வாடகைக் காரில் தாய்லாந்துக் கிராமம் ஒன்றைக் கடக்கிறோம். ஒரு வீட்டு முற்றத்தில் பந்தலும் பூக்களும் வண்ண விளக்குகளும் தெரிகின்றன.

"கலியாண வீடு போல கிடக்கு. இறங்கிப் பாப்பமே?" என்கிறார் அவர்.

பந்தலடியில் சிரித்தபடி செல்ஃபி எடுக்கிறோம். கறுப்புச் சட்டை அணிந்த ஒரு பெண் எங்களை உட்காரவைத்து நூடுல்ஸ் தருகிறாள்.

"மாப்பிள்ளை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

அவள் பூக்களுக்கு நடுவிலிருக்கும் படத்தைக் காட்டுகிறாள். "என் கணவர். நாளைக்கு எரிக்கிறோம்."

நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைக்கிறேன். "எழும்புங்கோ, போவம்," என்று கணவரிடம் முணுமுணுக்கிறேன்.

அவளோ தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு படத்தருகே போய் நிற்கிறாள். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அவரோடு என்னையும் ஒரு படம் எடுங்கள்."

அவள் முகத்தை நேரே பார்க்க வெட்கி, ஃபோன் திரையை மட்டும் பார்த்து எடுக்கிறேன்.