இன்னொருக்கா எடுப்பம்

என் பழைய ஹெட்ஃபோனின் இரண்டு காதுகளுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்திருக்கிறது. பஞ்சை மூடியிருந்த கறுப்புத் தோல் உரிந்து, கழற்றும்போதெல்லாம் கரி பூசினாற்போலக் காதோரம் ஒட்டிக்கொண்டதால், அக்கா தன் வீட்டுச்சேலை ஒன்றைக் கிழித்துத் தைத்துத் தந்தது. அதன் பிறகு நல்ல ஹெட்ஃபோன்கள் எத்தனையோ வாங்கிவிட்டேன். இதை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களிடம் ராசியான சாமான் என்று புளுகுவேன். ராசியாவது மண்ணாவது. இதை மாட்டிக்கொண்டு நான் கேட்டதை என் எதிரிகூடக் கேட்க வேண்டாம்.

நான் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல. உடப்பு என்ற கடற்கரை ஊரில் நாங்கள் எடுத்த ஒரு படத்தின் இயக்குநருடைய மனைவி. அந்த இயக்குநரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து தாயோடு வந்து, உடப்பிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் கட்டியவர். இரண்டு குறும்படங்கள் எடுத்திருந்தார். மூன்றாவதாக ஒரு முழுப்படம், அதுவும் வெளிநாட்டுக்காரன் எழுந்து நின்று கைதட்டுகிற படம், அதை எடுக்காமல் தனக்குச் சாவு வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆள் கெட்டவர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் யாருடைய தட்டில் மீன் இல்லை என்று பார்த்துப் பார்த்து வைக்கிற மனுஷன். அதனாலேயே அவரை இன்றுவரை முழுதாக வெறுக்க முடியாமல் இருக்கிறேன். அது எனக்குப் பெரிய எரிச்சல்.

படத்தின் கதை இதுதான்: இறால் பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவன், தானே முதலாளியாக வேண்டும் என்ற ஆசையில் முதலாளியின் மனைவியோடு உறவு வைத்து, கடைசியில் முதலாளியின் சாவையும் மறைக்கிறான். அந்த மனைவி வேடத்துக்கு அண்ணன் சிலாபத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. முகம் கமெராவுக்கென்றே செய்த முகம். வாயைத் திறந்தால் தமிழ் சறுக்கும். அந்த வேடத்தில் நடிக்க அக்காவுக்கு ஆசை இருந்தது. கல்யாணத்துக்கு முன் வானொலி நாடகங்களில் பேசியவர் அவர். கேட்டபோது அண்ணன் சிரித்துக்கொண்டே, “உன்ர முகத்துக்கு வயசு போட்டுது, குரலுக்குப் போகேல்லை” என்றாராம். ஆகவே அந்தப் பெண்ணுக்கு அக்கா குரல் கொடுப்பது என்று முடிவாயிற்று. இதை அக்கா என்னிடம் ஒரு பாராட்டைப் போலத்தான் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். ‘கட்’ சொன்ன பிறகும் ஒலிப்பதிவை நிறுத்த விடமாட்டார். கடலும் காகமும் காற்றும் பின்னால் உதவும், ஓடவிடு என்பார். அந்தப் பெண்ணின் சட்டைக்குள் ஒரு சின்ன மைக் செருகியிருக்கும். காட்சி முடிந்ததும் திருத்தம் சொல்ல அவளிடம் போவார். மற்றவர்களுக்கு அவர் திருத்தம் சொல்லுவதுதான் தெரியும். என் காதுக்கு வேறு கதை வரும். படப்பிடிப்பு முழுவதும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அக்கா ஆக்கித் தந்த சோற்றையும் தின்றுகொண்டிருந்தேன்.

குரல் பதிவுக்குத் தனி இடம் எடுக்க வழியில்லை. அண்ணன் வீட்டுச் சாமான் அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடித்து, சுவரெல்லாம் முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டி, கதவில் ஒரு மெத்தையைத் தொங்கவிட்டோம். கரைவலை இழுக்கும் மீனவர் வீடு திரும்பி ஊர் தூங்குகிற மத்தியானத்தில்தான் வேலை. மின்விசிறி சத்தம் போடும் என்பதால் அதுவும் இல்லை. உள்ளே கொண்டி போட்டுவிட்டால் அக்காவும் நானும் அந்தப் பெண்ணின் வாயசைவும் மட்டும்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். மூச்சு முட்டும்.

ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னும் பின்னும் வெட்டி, தேவையான துண்டை மட்டும் அக்கா மாட்டியிருந்த என் ஹெட்ஃபோனிலும் என் இயர்ஃபோனிலும் கேட்க வைத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்கு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

“வெட்டாம போடு தங்கச்சி. எங்க மூச்செடுக்கிறாள் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

கோப்பு பழுதாகிவிட்டது, அது இது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் தானே எட்டிப் பொத்தானை அமத்தினார். அந்தப் பெண் வசனத்தைச் சொல்லி முடித்தாள். ‘கட்’ கேட்டது. கடல் இரைந்தது. பிறகு அண்ணனின் குரல், காதுக்குள் வாய் வைத்துப் பேசுகிற அளவு கிட்டத்தில்:

“படம் முடியட்டும். பிறகு அவளுக்கு எங்கட விசயத்தைச் சொல்லுறன். இப்ப சொன்னா குரல் குடுக்க மாட்டாள்.”

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவேண்டும் என்று நெஞ்சுக்குள் கெஞ்சினேன். ஒரு சொல் சொன்னால் என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே போயிருப்பேன். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி, அந்தத் துணி உறையாலேயே முகத்தைத் துடைத்தார். மெத்தை தொங்கிய கதவைப் பார்த்தார். அந்தக் கதவுக்கு அப்பால் அண்ணன் கதிரையில் சாய்ந்திருப்பதும், தேநீருக்குக் காத்திருப்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நான் பேசாட்டி வேற ஒருத்தி பேசுவாள்,” என்றார். “இவ்வளவு நல்ல வசனம் எனக்கு ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை, தங்கச்சி.”

அந்த வசனம் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அந்த மனைவி அவனை விட்டுப் போகிறாள். ‘நான் போறன். கதவை நீங்களே சாத்திக்கொள்ளுங்கோ.’ அவ்வளவுதான். அக்கா முதல் தடவையிலேயே அச்சொட்டாகச் சொல்லிவிட்டார். உதடும் குரலும் ஊசியும் நூலுமாய்ப் பொருந்தின. நான் சரி என்று தலையாட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னொருக்கா எடுப்பம்.”

எடுத்தோம். திரும்பவும் இன்னொருக்கா என்றார். அந்த மத்தியானம் முழுக்க, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே வசனம். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். படம் முடிந்தால் புருஷன் சொல்லிவிட்டுப் போய்விடுவார், முடியாதவரை இருப்பார். பாவம் அக்கா, வேலையை இழுத்து அவரைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எண்ணி அழுகையே வந்தது. வெளியில் அண்ணன், என்ன இவ்வளவு நேரம், முடிந்ததா என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. வெளிநாட்டுப் படவிழாவுக்கும் போனது. இரவல் குரல் என்று தெரிந்தால் நடிப்புக்குப் பரிசு தரமாட்டார்கள் என்று அண்ணன் அக்காவின் பெயரைப் போடவில்லை. அக்காவும் சரி என்றார். பரிசு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. குரலில் இருந்த துயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அவள் தொலைக்காட்சி நாடகங்களுக்குக் கொழும்புக்குப் போனவள், பிறகு அண்ணனின் அழைப்பை எடுக்கவே இல்லை. ஆகவே மனைவியிடம் எதையும் சொல்லவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. அக்காவும் தான் கேட்டதை அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிடுகிறார்கள்.

போன மாதம் உடப்புப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே அவர்கள் வீட்டுக்கும் போனேன். அண்ணன் தளர்ந்துபோயிருந்தார். அடுத்த படத்தின் கதையைச் சொன்னார். அதிலும் அக்காவின் குரல் வேண்டுமாம். சாமான் அறையில் இப்போது கருவாட்டுச் சாக்குகள். முட்டை மட்டைகள் ஒட்டடை படிந்து சுவரிலேயே இருந்தன. அக்கா என்னை அங்கே கூட்டிப்போய், என் பைக்குள் கிடந்த ஹெட்ஃபோனைக் கண்டு, தன் சேலைத் துண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார், அன்று எடுத்த பதிவெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று. இருந்தது. ஒன்றையும் நான் அழிக்கவில்லை.

மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படத்தில் இல்லாதவை, நான் வேண்டாம் என்று ஒதுக்கியவை, ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. அவருடைய உதடும் கூடவே சத்தமில்லாமல் அசைந்தது. ஒவ்வொரு ‘போறன்’னுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அப்போதுதான் என் மடத்தனம் எனக்கு உறைத்தது. அவர் அன்று யாரையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை.

வெளியிலிருந்து அண்ணன் தேத்தண்ணி கேட்டுக் குரல் கொடுத்தார். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி, உறையை நீவிச் சரிசெய்து என் கையில் தந்தார்.

“நல்லாத்தான் சொல்லியிருக்கன், என்ன?” என்றார்.

“ஓம் அக்கா,” என்றேன்.

அவர் கேத்தலை வைக்க அடுப்படிக்குப் போனார்.