கண்ணிமைப்பில் நிறைந்த திரை

அஸ்தம்பட்டி சேவியர்ராஜுக்கு ஐம்பத்தாறு வயது. பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. ஆட்டையாம்பட்டியில் சென்னியப்பனின் தறிக்கூடத்தில் அப்படியொன்று இருந்தது. சேலை பார்டருக்கான டிசைனை அதில் வரைந்தால்தான் தறியில் மாட்டும் டிசைன் அட்டையில் துளையிடும் மிசின் ஓடும். ஆனால் படம் மேலிருந்து கீழாக ஊர்ந்து வரும். டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் வந்திருக்கும்.

அந்தப் புரோகிராம் ஒவ்வொரு புள்ளியையும் வைக்க உள்ளேயிருக்கும் இன்னொரு புரோகிராமிடம் கேட்டுக்கொண்டிருந்தது. சேவியர்ராஜ் அந்த இடைத்தரகரைக் கழற்றிவிட்டார். திரைக்கென்று ஒதுக்கிய நினைவகத்தில் நிறங்களின் எண்களை நேராக எழுத வைத்தார். இடம் தப்பினால் மொத்தமும் உறைந்துபோகும். பலமுறை உறைந்தது. ஒருவழியாக ஒரு மத்தியானம், விசையைத் தட்டியதும் மாங்காய் பார்டர் முழுசாகத் திரையில் வந்து நின்றது.

சென்னியப்பன் கைதட்டிச் சிரித்தார். வாசலில் அவர் தம்பி செல்லமுத்து நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கூடத்தைப் பாகம் பிரிக்கும்வரை புதிதாக எதுவும் வாங்கக் கூடாதென்று ஊர்ப்பெரியவர்கள் முன்னால் அண்ணன் தம்பி ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணா, புது மிசினை வாங்கிப் பழைய பொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறயா?"

"பழசேதான்டா. தொறந்து பாரு."

"மிசினு அதேதானுங்க, வரையற வழியத்தான் மாத்துனேன்" என்றார் சேவியர்ராஜ்.

"நீயும் கூட்டா?"

மூலையில் கிடந்த இரும்புக் கம்பியைச் செல்லமுத்து எடுத்தான். முதல் அடியில் மானிட்டர் வெடித்துக் கண்ணாடி சிதறியது. இரண்டாவது அடி அண்ணனின் நெற்றிப்பொட்டில் விழுந்தது. சென்னியப்பன் தறிமேல் சரிந்தார். தறியிலிருந்த வெள்ளைப் பாவு நூலில் ரத்தம் இழை இழையாக ஏறியது. மூன்றாவது அடிக்குக் குறுக்கே கையை நீட்டினார் சேவியர்ராஜ். முழங்கை உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஓடிவந்த தறிக்காரர்கள் செல்லமுத்துவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். தாடை கோணி, பற்கள் தரையில் கிடந்தபிறகும் மிதித்தார்கள்.

"போதும் உடுங்க, செத்துருவான்!" என்று ஒற்றைக் கையால் அவர்களை இழுத்தவரும் சேவியர்ராஜ்தான்.

சென்னியப்பன் பிழைத்தார். பேச்சு வரவில்லை. செல்லமுத்து ஜெயிலுக்குப் போனான். வழக்கு விசாரணையில் சாட்சிக் கூண்டில் நின்ற சேவியர்ராஜிடம் அவன் வக்கீல், "படம் பழையபடி மெதுவா வந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காதில்லையா?" என்று கேட்டார்.

சென்னியப்பனின் மனைவி முத்தாயம்மாள் போன மாதம் கூப்பிட்டனுப்பினார். "மறுபடி ஓட்டிக் குடுங்க. கூடத்த இனி நான் பாத்துக்கறேன்."

நீளாத கையோடு சேவியர்ராஜ் போய் வேறு மானிட்டரை மாட்டினார். விசையைத் தட்டினார். பார்டர் பளிச்சென்று நிறைந்தது. அடுத்த நொடி வெளியே ஓடி, வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தார். முத்தாயம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றார்.