ஒரு விரல் காட்டினால் இன்னொரு சுற்று

ரோலர் கோஸ்டரில் ஏறியதும் என் அக்கா முதலில் பார்ப்பது சீட்டைத்தான். தையலை விரலால் தடவுவாள். ஓரத்தை அழுத்தி, உள்ளே பஞ்சு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கும்போது, "போன வருஷம்தான் மாத்தினாங்க, அதுக்குள்ள பிரிஞ்சிருக்கு பாருடி" என்பாள். அதற்குள் வண்டி உச்சிக்குப் போயிருக்கும்.

சோபாக்களுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. சில வருடங்களுக்கு முன்னால், நகரத்தை ஒட்டியிருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து கிழிந்த இருக்கைகள் ஒரு லாரி நிறைய அங்கே வந்தன. தைத்துக் கொடுத்தவர்களுக்குப் பூங்காவில் ஒரு நாள் இலவச அனுமதி தந்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை போய், தலை சுற்றி, அதோடு விட்டுவிட்டார்கள். அக்கா வருடம் முழுக்கப் போகும் பாஸ் வாங்கினாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது. என்னென்ன பிடித்திருக்க வேண்டும் என்று படித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அக்காவுக்கு அந்தக் குழப்பம் இருந்ததே இல்லை. அவளைப் பற்றி எழுத நினைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பூங்காவின் ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. எந்த ரைடுக்குப் புதுச் சாயம் அடிக்கிறார்கள், எது பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று காலையிலிருந்தே பேச்சு ஓடும். அக்கா அதில் எல்லோருக்கும் அக்கா. குழுவுக்குள் இரண்டு கட்சி. வேகமாகப் போகும் ரைடுகளே வேண்டும் என்பவர்கள் 'அலறல் கட்சி'. பழைய, மெதுவான, மரம் செடி உள்ளவை இருக்க வேண்டும் என்பவர்கள் 'நிழல் கட்சி'. செல்போன் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞன் அலறல் கட்சிக்குத் தலைவன். தலைகீழாகச் சுற்றும் எதையும் விடமாட்டான் என்பதால் அவனுக்குத் 'தலைகீழ்' என்றே பெயராகிவிட்டது. நிழல் கட்சிக்கு அக்கா. அவளுக்கு வலதுகையாக ஒரு மருந்துக்கடைக்காரர்.

வேடிக்கை என்னவென்றால் அக்காவுக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒன்றை இடித்துத்தான் இன்னொன்று வரும் என்றால், அவள் பழைய படகுச் சவாரியின் பக்கம்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூங்காவின் பின்பக்கம் ஒரு குறுகலான கால்வாய் வளைந்து வளைந்து போகும். பூங்கா தொடங்கியபோது வைத்த கன்றுகள் வளர்ந்து தண்ணீருக்கு மேலே கூரை மாதிரி கவிந்திருக்கும். நடுவில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஒரு குகை. பின்வளைவில் சிமெண்ட் யானைக் கூட்டம். அதில் பெரிய யானைக்கு ஒரு காது உடைந்திருக்கும். ஒலிபெருக்கியில் வரும் குருவிச் சத்தத்துக்கு மரத்திலிருக்கும் நிஜக் குருவிகள் பதில் சொல்லும். ஏற்றமோ, சரிவோ, பயமோ ஒன்றும் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. படகு கரைக்கு வரும்போது, ஏறுவதற்கு யாரும் காத்திருக்கவில்லை என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விரலைக் காட்டலாம். படகுக்காரர் தலையை அசைத்துவிட்டு மறுபடி தள்ளிவிடுவார். இறங்க வேண்டாம், இன்னொரு சுற்று.

அக்காவுக்கும் அவள் மாமியாருக்கும் வீட்டில் ஒத்துப்போகாது. மின்விசிறியின் வேகத்தில் தொடங்கி, குழாயை யார் சரியாக மூடவில்லை என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கு உண்டு. மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மூட்டுவலி. மற்ற ரைடுகளின் பக்கமே போகமாட்டார். மாதம் ஒருமுறை இருவரும் படகில் ஏறுவார்கள். ஏறியதும் பேச்சு நின்றுவிடும். சண்டை இல்லாமல் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

"அங்க போனாதான் அத்தை வாய மூடறாங்க" என்பாள் அக்கா.

"இவ வாய மூடற ஒரே எடம் அதுதான், அதுக்காகத்தான் நான் முட்டி வலியோட போறேன்" என்பார் அத்தை.

இப்படி இருக்கும்போது பூங்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. படகுக் கால்வாயை மூடிவிட்டு அந்த இடத்தில் புது ரோலர் கோஸ்டர் கட்டப் போகிறார்களாம். இந்த விடுமுறைக் காலத்தில் படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணப்போவதாகவும், அதன்பின் ரசிகர்களைக் கூப்பிட்டுப் பேசி முடிவெடுப்பதாகவும் சொல்லியிருந்தார்கள்.

குழு பற்றிக்கொண்டது. தலைகீழ் குரல் பதிவு போட்டான்: "படகு படகுன்னு அழறீங்களே, கடைசியா எப்ப ஏறினீங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

"போன வாரம்" என்றாள் அக்கா. "நீங்க எப்ப தம்பி?"

அவன் பேச்சை மாற்றினான். "அந்த யானைக்கே ஒரு காது இல்லக்கா, நீங்க போடற கோஷம் அதுக்கே பாதிதான் கேக்கும்" என்று வந்தது. அக்கா சிரித்துவிட்டாள். எதிர்க்கட்சி நல்ல நகைச்சுவை சொன்னால் சிரிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு.

வீட்டிலும் எதிர்க்கட்சி இருந்தது. அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "நாள் பூரா அடுத்தவன் ஓட்டறதுக்கு நான் பிரேக்ல கால வச்சிட்டு உக்காந்திருக்கேன். எனக்குன்னு பிரேக்கே இல்லாத ஒண்ணு வரட்டுமே" என்றார்.

"உங்களுக்குப் பிரேக் இல்லைன்னுதான் ஊருக்கே தெரியுமே" என்றாள் அக்கா.

தலையை எண்ணப்போகிறார்கள் என்றால் தலைகளைக் கொண்டுவர வேண்டியதுதானே என்று அக்கா கணக்குப் போட்டாள். விடுமுறை நாள் ஒன்றைக் குறித்து, தெரிந்தவர்கள் எல்லோரையும் படகுக்குக் கூப்பிட்டாள். பட்டறையில் மிஞ்சிய பச்சைத் துணியில் கையில் கட்டும் பட்டைகள் தைத்தாள். மருந்துக்கடைக்காரர் கடைக்கு வரும் ஆட்களிடமெல்லாம் மாத்திரையோடு ஒரு பட்டையையும் கொடுத்து அனுப்பினார்.

அந்த நாள் கூட்டம் வந்தது. வரிசை ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, கழிப்பறை வரைக்கும் நீண்டது. எங்கு பார்த்தாலும் பச்சைப் பட்டை. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எண்ணுவதற்காக நின்றிருந்த பூங்கா ஊழியருக்குக் கருவியை அழுத்தி அழுத்தி விரலே வலித்திருக்கும்.

அத்தைக்கு மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுபோயிருந்தோம். வரிசை நகர நகர, பக்கத்தில் நின்றவர்கள் எழுப்பாமலே அவரை ஸ்டூலோடு தூக்கி நகர்த்தினார்கள். "என்னைய பாடையில வச்சுத் தூக்கற மாதிரி இருக்கு, இன்னும் நாள் இருக்குப்பா" என்றார் அத்தை.

ஒருவழியாக ஏறினோம். படகில் முட்டிக்கு முட்டி இடித்தது. யாரோ கோஷம் போட்டார்கள். குகைக்குள் போனதும் நாலு பேர் கத்தி எதிரொலி கேட்டுப் பார்த்தார்கள். யானைகளுக்கு முன்னால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். ஒலிபெருக்கிக் குருவி மட்டும் பாடியது. பதில் வரவில்லை.

கரைக்கு வந்தோம். அத்தை வழக்கம்போல ஒரு விரலைக் காட்டினார்.

"இன்னைக்கு முடியாதும்மா" என்றார் படகுக்காரர். "பின்னாடி பாருங்க, எவ்ளோ பேர் நிக்கறாங்க."

அத்தை விரலை மடக்கிக்கொண்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் காப்பாத்தியிருக்கே" என்றார்.

வீட்டில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் விடாத அக்கா, இறங்கியதும் ஓரமாக நின்று வரிசையைப் பார்த்தாள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வெயிலுக்குள் திரும்பிப் போனார்.

அப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளிறிய முகத்தோடு ஒருவன் நின்றிருந்தான். தலைகீழ்.

"நீங்கெல்லாம் இன்னும் எவ்ளோ நேரம் ஏறுவீங்க?" என்று கேட்டான்.

"உங்களுக்கு என்ன அவசரம்? உங்களுக்குத்தான் இது பிடிக்காதே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்குக் கொஞ்சம் உக்காரணும்" என்றான்.

படகுக்காரர் அங்கிருந்தே சொன்னார்: "தம்பி எப்பவும் வருமே. மேல சுத்திட்டு நேரா இங்கதான். கண்ண மூடிட்டு ரெண்டு மூணு சுத்து போகும்."

சுற்றி நின்ற பச்சைப் பட்டைகள் எல்லாம் சிரித்தன. அவன் காது சிவந்துவிட்டது. அக்கா அத்தையின் ஸ்டூலை விரித்து அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். அதற்குள் மருந்துக்கடைக்காரர் போனில் படம் எடுத்துவிட்டார். "இதைக் குழுவுல போட்டா போதும்மா, அலறல் கட்சிக் கதை முடிஞ்சுது."

"தல சுத்தி உக்காந்திருக்கறவங்க படத்த வச்சா நாம ஜெயிக்கணும்?" என்றாள் அக்கா. "அழிச்சிடுங்கண்ணா."

அவர் முனகிக்கொண்டே அழித்தார். அடுத்து அக்கா செய்தது அவருக்கு இன்னும் தாங்கவில்லை. வரிசையின் முனைவரை நடந்து, ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "வந்ததுக்கு ரொம்ப நன்றி. போதும். கலைஞ்சிடலாம்."

"எண்ணிக்கை குறையுமேக்கா" என்றார்கள்.

"குறையட்டும். ஏற வேண்டியவங்க ஏற முடியல."

குழந்தையோடு போன பெண்ணைத் தேடிப் பிடித்து அவளே கூட்டிவந்தாள். மாலையில் படகு பாதி காலியாக ஓடியது. தலைகீழ் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான்.

விடுமுறை முடிந்ததும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். பூங்கா மேலாளரின் அறையில் சுவர் அகலத்துக்குப் புது ரைடின் படம் மாட்டியிருந்தது. மேலாளர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "நாங்களே எதிர்பாக்கல. ஒரு நாள் மட்டும் படகுல ஏறினவங்க எண்ணிக்கை மும்மடங்கு. அந்த ஒரு நாள்ல மாசக் கணக்கே மேல போயிடுச்சு. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு" என்றார்.

மருந்துக்கடைக்காரர் மேசைக்குக் கீழே அக்காவின் கையைத் தட்டினார். சும்மா இருந்தாலே போதும் என்று அர்த்தம்.

"சார், அந்த நாளச் சேத்துக்காதீங்க" என்றாள் அக்கா. "அது நாங்க கூட்டின கூட்டம்."

மேலாளர் தாளைப் பார்த்தார். "அதை எடுத்துட்டா, பாதிப் படகு காலின்னுதான் வருது."

"ஆமா சார். காலியா இருக்கறதாலதான் அது நல்லா இருக்கு. ஒரு விரல் காட்டினா இன்னொரு சுத்து போலாம். கூட்டம் வந்தா அது முடியாது. நானே கூட்டத்தைக் கொண்டுவந்து, நானே கெடுத்துட்டு, அப்புறம்தான் புரிஞ்சுது."

"காலியா ஓட்டறதுக்காம்மா நாங்க பார்க் நடத்தறோம்?"

"அது எனக்குத் தெரியல சார். இருக்கறதச் சொன்னேன்" என்றாள் அக்கா.

அப்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து தலைகீழ் தொண்டையைச் செருமினான். "சார், எனக்குப் புது ரைடு வேணும். கண்டிப்பா வேணும். ஆனா அது இப்ப இருக்கறதவிட ரெண்டு சுத்து அதிகமாத் தலைகீழாப் போகுதுன்னு போட்டிருக்கீங்க. எறங்கினதும் நான் எங்க போய் உக்காருவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "நெஜமாத்தான் கேக்கறேன் சார்" என்றான்.

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா தூங்கிவிட்டாள். நான் விழித்துக்கொண்டு வந்தேன். என் அலுவலகத்தில் எண்கள் நமக்குச் சாதகமாக இருந்தால் அவற்றை மேலே வைப்போம். இல்லாவிட்டால் வேறு எண்ணைத் தேடுவோம். அந்த அறையில் நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் திறக்கும் ஒருத்தியின் பக்கத்தில் வளர்ந்திருக்கிறேன். அது எதற்காவது உதவுமா என்று போகப் போகத்தான் தெரியும்.

முடிவு சில வாரங்களில் வந்தது. புது ரைடு வரும். படகும் இருக்கும், ஆனால் பின்வளைவு போய்விடும். யானைகளும் போய்விடும். இரண்டு கட்சிக்கும் திருப்தி இல்லை. "அன்னைக்கு நீ பேசாம இருந்திருந்தா முழுசும் தப்பிச்சிருக்கும்" என்று மருந்துக்கடைக்காரர் குழுவில் எல்லோருக்கும் தெரியவே எழுதினார். "இருக்கலாம் அண்ணா" என்று அக்கா பதில் போட்டாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அன்று பட்டறையில் ஒரு சோபா முதுகை இரண்டு தடவை பிரித்துத் தைத்ததாக அவளோடு வேலை செய்பவர் சொன்னார்.

புது ரைடு திறந்த அன்று வரிசையில் முன்னால் நின்றவர்களில் அக்காவும் அத்தானும் உண்டு. ஏறியதும் அவள் சீட்டை அழுத்திப் பார்ப்பது கீழேயிருந்து எனக்குத் தெரிந்தது. இறங்கி வந்து, "நல்ல தையல். ரைடும் பிரமாதம்டி, பொய் சொல்லக்கூடாது" என்றாள். அத்தான் பேச முடியாத நிலையில் இருந்தார்.

பிறகு அத்தையைக் கூட்டிக்கொண்டு படகுக்குப் போனோம். பூங்காவின் மொத்தக் கூட்டமும் புது ரைடில் இருந்ததால் கரையில் ஆளே இல்லை. மரங்களுக்கு மேலே தண்டவாளம் வளைந்து போனது. அவ்வப்போது ஓர் அலறல் தலைக்கு மேலே கடந்து போகும். கொஞ்ச நேரம் கழித்துக் குருவிகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அக்காவும் அத்தையும் பேசவில்லை. குகையைத் தாண்டினோம், யானைகள் வர வேண்டிய இடத்தில் படகு திரும்பிவிட்டது. அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றார் அத்தை.

"அவ்ளோதான் அத்தை."

கரையில் ஒரே ஓர் ஆள் நின்றிருந்தான். தலைகீழ்தான். தள்ளாடியபடி வந்து பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அக்காவை. படகுக்காரர் பக்கம் திரும்பி, இரண்டு விரல்களைக் காட்டினார்.

படகுக்காரர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்.